பொது உண்டியலில் போடும் டாலர் எங்கே போகிறது?

கேள்வி இது: “அமெரிக்க யூதர்கள் ஆண்டுதோறும் திரட்டும் சமூக நன்கொடையில் உள்ளூருக்கு எவ்வளவு, வெளிநாட்டுக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? பணம் எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது?”

“பணக்காரச் சமூகம், அள்ளிக் கொடுக்கிறார்கள்” என்று சொல்லி முடித்துவிட முடியாது. பணமுள்ள சமூகங்கள் உலகில் எத்தனையோ உண்டு. இவர்கள் செய்த விசேஷமான காரியம், கேட்கும் வேலையையும் பங்கிடும் வேலையையும் பிரித்து வைத்ததுதான். ஊருக்கு ஒரே உண்டியல். கேட்க ஒரு குழு, பங்கிட வேறொரு குழு. போடுகிறவர் போட்டதோடு சரி. எந்த முதியோர் இல்லத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று சொல்லும் உரிமையை அவர் விட்டுவிடுகிறார். அப்படி விட்டுக்கொடுக்க மனம் இருந்தவரை அமைப்பு நன்றாக ஓடியது. இன்று அதில் தெரிகிற சிக்கல்களில் பெரும்பாலானவை, கொடுப்பவர் அந்த உரிமையைத் திரும்பக் கேட்பதால் வந்தவை. இந்தப் பதில் வட அமெரிக்க ஃபெடரேஷன்களைப் பற்றியது; ஊருக்கு ஊர் அந்தப் பொது உண்டியலை நடத்தும் யூத அமைப்புக்குத்தான் ஃபெடரேஷன் என்று பெயர். பிரிட்டன் பற்றி இடையில் ஒரு வார்த்தை வரும்.

பழைய விதிகளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இன்றைய நடைமுறை எளிதில் பிடிபடும். நன்கொடைக்கு எபிரேயத்தில் உள்ள ‘செதாக்கா’ என்ற சொல் ‘நீதி’ என்ற வேரில் பிறந்தது. கொடுப்பது கடமை, மறுத்தால் ஊர் கட்டாயப்படுத்தலாம் என்றே பழைய சட்டம் சொல்கிறது. வருமானத்தில் பத்தில் ஒன்று வழக்கமான அளவு. ஐந்தில் ஒன்றுக்கு மேல் போக வேண்டாம், கொடுத்தவனே நாளை வாங்க வந்து நிற்பான் என்றொரு உச்சவரம்பும் உண்டு.

ஊருக்கு இரண்டு நிதிகள் இருந்தன. ‘கூப்பா’ பணப்பெட்டி: வாரம் முழுக்கத் திரட்டி, வெள்ளிக்கிழமை உள்ளூர் ஏழைகளுக்கு ஒரு வாரத்துக்கானதைக் கொடுப்பது. ‘தம்ஹூயி’ உணவுத் தட்டு: அன்றன்று திரட்டி, வழிப்போக்கர் உட்பட யார் வந்தாலும் கொடுப்பது. கூப்பாவை வசூலிக்க இரண்டு பேர் போதும், பங்கிட மூன்று பேர் வேண்டும். இருவர் போவது, தனியாகப் போனவன் மேல் சந்தேகம் விழக் கூடாது என்பதற்காக. மூவர் பங்கிடுவது, பங்கீடு பணவழக்குத் தீர்ப்புக்குச் சமம், பணவழக்குக்கு மூன்று நீதிபதிகள் வேண்டும் என்பதால். கையில் இரண்டு வேளை உணவு உள்ளவர் தம்ஹூயியில் வாங்கக் கூடாது. 14 வேளைக்கு உள்ளவர் கூப்பாவில் வாங்கக் கூடாது. பசி என்று வருகிறவரை விசாரிக்காமல் கொடு, துணி கேட்கிறவரை விசாரித்துக் கொடு என்பது 12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்த சட்டம்.

ஊருக்குப் புதிதாக வந்தவர் எப்போது வரி கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதற்கும் பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் அட்டவணை இருக்கிறது. 30 நாள் தங்கினால் தம்ஹூயிக்கு, மூன்று மாதம் தங்கினால் கூப்பாவுக்கு, ஆறு மாதமானால் துணி நிதிக்கு, ஒன்பது மாதமானால் அடக்கச் செலவுக்கு, ஓராண்டானால் ஊர் மதிலுக்கு. இன்று ஃபெடரேஷன் வரவுசெலவில் பாதுகாப்புச் செலவு தனித் தலைப்பாக நிற்பதைப் பார்ப்பவர்களுக்கு அந்த மதில் ஞாபகம் வரும்.

யாருக்கு முதலில் என்பதற்கும் வரிசை உண்டு. உறவினர், பிறகு சொந்த ஊர் ஏழை, பிறகு அயலூர் ஏழை. அயலூர்களிலேயே இஸ்ரேல் மண்ணின் ஏழைகளுக்குத் தனி முன்னுரிமை. சிறைப்பட்டவரை மீட்பது எல்லாவற்றுக்கும் மேல். உள்ளூரா வெளிநாடா என்று ஒவ்வோர் ஆண்டும் பங்கீட்டுக் கூட்டத்தில் நடக்கும் வாக்குவாதம் இந்த வரிசைக்கு அவரவர் சொல்லும் வியாக்கியானம்தான்.

இன்றைய ஃபெடரேஷன் 1895இல் பாஸ்டனில் பிறந்தது. மறு ஆண்டே சின்சினாட்டியில் ஒன்று. காரணம் சாதாரணமானது. அநாதை இல்லம், மருத்துவமனை, அடக்கச் சங்கம், புதிதாகக் கப்பலில் வந்திறங்கியவர்களுக்கான உதவிச் சங்கம் என்று ஒவ்வொன்றும் அதே வியாபாரிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே வசூல், பிறகு பங்கு என்று ஒப்புக்கொண்டால் தட்டுவதும் குறையும், வசூல் செலவும் குறையும். நியூயார்க் 1917இல்தான் இந்த வழிக்கு வந்தது.

வெளிநாட்டு நிதி தனி ஓடையாக வளர்ந்தது. 1914 ஆகஸ்ட் கடைசியில் ஒட்டோமான் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தா, பாலஸ்தீன யூதர்கள் போரால் பட்டினியில் கிடக்கிறார்கள், 50,000 டாலர் வேண்டும் என்று நியூயார்க்கின் ஜேக்கப் ஷிஃபுக்குத் தந்தி அடித்தார். அந்தப் பணம் வந்தது. கூடவே மூன்று நிவாரணக் குழுக்களும் வந்தன: வசதியான ஜெர்மானிய யூதர்களுடையது ஒன்று, வைதிகர்களுடையது ஒன்று, தொழிலாளர்களுடையது ஒன்று. மூன்றும் தனித்தனியாக வசூலித்தாலும் பணத்தைச் சேர்த்தே செலவிட ஏற்படுத்திய அமைப்புதான் ஜாயிண்ட் டிஸ்ட்ரிபியூஷன் கமிட்டி. எல்லோரும் அதைச் சுருக்கமாக ‘ஜாயிண்ட்’ என்கிறார்கள். ஒருவரையொருவர் பிடிக்காத மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்ததை அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் ஜெபக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. இரண்டே மாதத்தில், 1939 ஜனவரியில், ஜாயிண்டும் பாலஸ்தீனத்துக்கு வசூலித்துக்கொண்டிருந்தவர்களும் அகதிகளுக்கு உதவியவர்களும் சேர்ந்து யுனைடெட் ஜூயிஷ் அப்பீலைத் தொடங்கினார்கள். உள்ளூர் ஃபெடரேஷனும் அப்பீலும் ஒரே அட்டையில் கேட்பது ஊர் ஊராக வழக்கமாயிற்று. ஃபெடரேஷன் தனக்கான பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். பெரிய நெருக்கடி ஆண்டுகளில் பாதிக்கு மேல் கடல் கடந்தது. 1999இல் அப்பீலும் ஃபெடரேஷன்களின் கூட்டவையும் இணைந்தன. 2009 முதல் இந்தத் தாய்ச்சங்கத்துக்கு ‘ஜூயிஷ் ஃபெடரேஷன்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா’ என்று பெயர். அதன் கீழ் 140 சொச்சம் ஃபெடரேஷன்களும், தனி அலுவலகம் வைக்க முடியாத நூற்றுக்கணக்கான சிற்றூர்ச் சமூகங்களும் இருக்கின்றன. தாய்ச்சங்கம் என்றாலும் ஃபெடரேஷனுக்கு அது கட்டளையிட முடியாது. உள்ளூர் வாரியம் மறுத்தால் மறுத்ததுதான்.

வசூலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியார் பார்த்து நகலெடுக்க முயன்று தோற்பது இங்கேதான்.

ஆண்டு வசூல் இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்ததும் சூடு பிடிக்கும். வருமான வரிக்காக டிசம்பர் 31 ஒரு கெடு. அதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு தொழிலிலும் இருப்பவர்கள் கூடி, தங்கள் தொழில்காரர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுக்க முடியும் என்று மதிப்பிடுவார்கள். வழக்கறிஞரின் வருமானம் வழக்கறிஞருக்குத் தெரியும், துணி வியாபாரியின் நிலைமை துணி வியாபாரிக்குத் தெரியும். பிறகு பெரிய தொகைகளை முதலில் கேட்பார்கள். மேலே உள்ள சில பேரின் தொகைதான் மொத்தத்தில் பெரும்பங்கு, கீழே உள்ளவர்கள் தங்கள் அளவை அதைப் பார்த்தே வைத்துக்கொள்வார்கள். தலைகீழாகச் செய்து, பொதுக்கூட்டத்தில் சின்னத் தொகைகளோடு தொடங்கிய வசூல் அந்தச் சின்ன அளவிலேயே நின்றுவிடும்.

கேட்கப் போகிறவருக்கு மூன்று விதிகள். தன் பங்கைத் தான் முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்தவர் வீட்டுப் படி ஏற வேண்டும். “உங்களால் முடிந்ததை” என்று கேட்கக் கூடாது, தொகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். வாக்குறுதி அட்டையை அவரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. மூன்றாவதுதான் புதியவர்கள் தவறவிடுவது. “யோசித்து அனுப்புகிறேன்” என்று வாங்கிவைத்த அட்டை திரும்பி வராது, வந்தாலும் கேட்டதில் கால்வாசியோடு வரும். அவகாசம் கேட்டால் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் விருந்தில் தலைவர் அட்டைகளை வரிசையாக எடுத்துப் பெயரையும் போன ஆண்டுத் தொகையையும் வாசிப்பார். பேர் வந்தவர் எழுந்து இந்த ஆண்டுத் தொகையைச் சொல்வார். போன ஆண்டைவிடக் குறைத்துச் சொல்ல யாருக்கு நா எழும்! அந்த முறையால் நிறையப் பணம் வந்தது, நிறைய மனத்தாங்கலும் வந்தது, இப்போது அரிது. அதற்குப் பதில் தொகை அடுக்குகள்: பெண்கள் தங்கள் பெயரிலேயே ஆண்டுக்கு 5,000 டாலர் கொடுத்தால் ‘லயன் ஆஃப் ஜூடா’, ஒரு தங்கச் சட்டை ஊசி. 1972இல் மயாமியில் தொடங்கிய இது, கணவர் கையெழுத்துக்குக் கீழே மறைந்திருந்த பெண்களின் பணத்தைத் தனிக்கணக்காக வெளியே கொண்டுவந்தது. ரசீதுகளில் 18, 36, 180, 1,800 என்ற தொகைகளை அடிக்கடி பார்க்கலாம். எபிரேயத்தில் ‘உயிர்’ என்னும் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18.

ஜெபக்கூடத்தில் பண்டிகை நாளில் கேட்பதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்று எழுதக் கூடாது, பணத்தைத் தொடக் கூடாது. அதனால் ஓரத்தில் தொகைகள் அச்சிட்ட அட்டை இருக்கும். வேண்டிய தொகைக்கு நேரே உள்ள காகித நாக்கை மடித்து விட்டால் போதும்.

ஒப்புக்கொண்ட தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். விகிதங்கள் புரிவதற்காக நான் போட்டவை, ஊருக்கு ஊர் மாறும். வாக்குறுதி 100 லட்சம் டாலர். சாவு, வியாபார நஷ்டம், மனமாற்றம் என்று 3 லட்சம் வராது என்று முதலிலேயே கழித்துவிடுவார்கள். வசூல் செலவு, அலுவலகம் 14. தாய்ச்சங்கச் சந்தா 2. பங்கிட மிஞ்சுவது 81. அதில் மூன்றில் ஒன்று வெளிநாட்டுக்கு என்று வாரியம் தீர்மானித்தால் 27 லட்சம் போகும், 54 லட்சம் ஊரில் நிற்கும். வெளிநாட்டு 27ஐ, இஸ்ரேலுக்குக் குடியேறுவதைக் கவனிக்கும் யூத ஏஜென்சிக்கும் ஜாயிண்டுக்கும் 75:25 என்று பிரிப்பது நெடுங்கால மரபு: 20.25 லட்சம், 6.75 லட்சம். இந்த விகிதத்தை மாற்ற வேண்டும் என்று ஜாயிண்ட் 2010 வாக்கில் வெளிப்படையாகவே சண்டை பிடித்தது. அதற்குள் பல ஃபெடரேஷன்கள் விகிதத்தை மதிக்காமல் தாங்களே திட்டம் திட்டமாகத் தேர்ந்தெடுத்து அனுப்பத் தொடங்கியிருந்தன.

வாரக் கணக்கில் நேரத்தைத் தின்னும் வேலை பங்கீட்டுக் குழுவுடையது. பெரும்பாலும் தன்னார்வலர்கள், சம்பள ஊழியர்கள் காகிதம் தயாரித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் போன ஆண்டுக் கணக்கு, தணிக்கை அறிக்கை, எத்தனை பேருக்குச் சேவை, காத்திருப்போர் எத்தனை பேர், வேறெங்கிருந்து பணம் வருகிறது என்று எழுதித் தரும். குழு நேரில் போய்ப் பார்க்கும். ஒரு நிறுவனத்தின் வாரியத்தில் இருப்பவர் அந்த நிறுவனத்தின் பங்கு பேசப்படும்போது எழுந்து வெளியே போக வேண்டும். சிற்றூரில் இது பெரிய தலைவலி. அங்கே எல்லோரும் எல்லா வாரியத்திலும் இருப்பார்கள். பதிலுக்கு நிறுவனங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு: ஃபெடரேஷன் வசூல் காலத்தில் தனி வசூல் நடத்தக் கூடாது. இந்த விதி தளர்ந்த ஊர்களில் 1895க்கு முந்தைய கதவு தட்டல் திரும்பிவிட்டது.

உள்ளூர்ப் பங்கு போகும் இடங்களில் குடும்பநலச் சேவை, முதியோர் வீட்டுப் பராமரிப்பு, யூதப் பள்ளிகளின் கட்டணச் சலுகை, பல்கலைக்கழக மாணவர் மையங்கள், சமூகக் கூடம், பஸ்கா பண்டிகைக்கு ஏழை வீடுகளுக்குப் போகும் ‘கோதுமைப் பணம்’ எல்லாம் அடங்கும். இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று. பெரிய முதியோர் இல்லமோ குடும்பநல நிறுவனமோ ஃபெடரேஷன் பணத்தில் ஓடுவதில்லை. அதன் வரவில் பெரும்பகுதி மெடிக்கெய்ட், மெடிகேர் (ஏழைகளுக்கும் முதியோருக்குமான அரசு மருத்துவத் திட்டங்கள்), அரசு ஒப்பந்தங்கள். ஃபெடரேஷன் பணம் சிறு பங்கு. ஆனால் அரசு கொடுக்காததற்கு அதுதான் கைகொடுக்கும். கோஷர் சமையலறை (யூத உணவு விதிப்படி நடப்பது), ரஷ்ய மொழி பேசும் உதவியாளர், அரசு ஒப்பந்தப் பணம் தாமதமாகும் மாதத்துச் சம்பளம். அரசுப் பணம் வாங்குவதாலேயே இந்த நிறுவனங்கள் யூதரல்லாதாரையும் பார்க்கின்றன. பல ஊர்களில் அங்கே வருபவர்களில் அவர்கள் கணிசம்.

வட்டியில்லாக் கடன் சங்கத்துக்கு இதில் தனி இடம் உண்டு. மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக வைத்து, உச்சியில் வைத்தது கடன், கூட்டு வியாபாரம், வேலை ஆகியவற்றை. வாங்குகிறவர் இனி வாங்கத் தேவையில்லாமல் போகிறாரே. நியூயார்க்கின் ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி 1892இலேயே தொடங்கிவிட்டது. வட்டி கிடையாது, ஈடாக ஜாமீன்தாரர்கள் வேண்டும். வராக்கடன் மிகக் குறைவாக இருப்பதற்குக் காரணமும் அந்த ஜாமீன்தான். தவறினால் தெரிந்த ஒருவரின் கையைக் கடிக்கும். திரும்பி வந்த டாலர் அடுத்தவருக்குப் போகும். ஆனால் ஜாமீன் தர ஆளில்லாத புதுக் குடியேறியும் விவாகரத்தான பெண்ணும் அதே விதியால் வெளியே நிற்கிறார்கள். சில சங்கங்கள் அவர்களுக்காக ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்துகின்றன.

2018 அக்டோபர் 27இல் பிட்ஸ்பர்க் ஜெபக்கூடத்தில் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு பாதுகாப்பு பெரிய செலவாயிற்று. அந்த ஊர் ஃபெடரேஷனுக்கு உலகெங்குமிருந்து 60 லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. அதைப் பங்கிடத் தனிக் குழு அமைத்தார்கள். கேட்க ஒரு குழு, பங்கிட வேறொரு குழு என்ற அதே வழக்கம்தான்.

வெளிநாட்டுப் பங்குக்கு வருவோம். யூத ஏஜென்சி 1929இல் ஏற்பட்டது. வேலை இஸ்ரேலுக்குக் குடியேற்றம், புலம்பெயர் சமூகங்களுக்குத் தூதர்களை அனுப்புவது, இளைஞர் திட்டங்கள். அதன் ஆட்சியில் பாதி, யூதர்களுக்கு இஸ்ரேலில் தாயகம் என்ற இயக்கத்தின் அமைப்பான உலக சியோனிச அமைப்புக்கு, 30 சதவீதம் வட அமெரிக்க ஃபெடரேஷன்களுக்கு, 20 சதவீதம் மற்ற நாடுகளில் வசூலிக்கும் கெரென் ஹயெசோதுக்கு. பணம் கொடுக்கும் அமெரிக்கர்களுக்குப் பாதி நாற்காலிகூட இல்லை என்ற புகார் இங்கிருந்து வருகிறது.

ஜாயிண்ட் செய்வது நிவாரணம். முன்னாள் சோவியத் நாடுகளில் ‘ஹெஸெத்’ எனப்படும் மையங்கள் வழியாக, சொற்ப ஓய்வூதியத்தில் தனியாக வாழும் முதியவர்களுக்கு உணவு, மருந்து, வீட்டு உதவியாள். உணவுப் பொட்டலம் பல ஊர்களில் கடையில் பயன்படுத்தும் அட்டையாக மாறிவிட்டது. பொட்டலம் கட்டும் கிடங்குச் செலவு மிச்சம், வாங்குபவருக்கும் மரியாதை. இதில் வெளியே தெரியாத ஒரு முடிச்சு உண்டு. நாஜிகளால் பாதிக்கப்பட்டவர் என்று தகுதி பெறுபவருக்கு 1951இல் ஏற்பட்ட, இழப்பீடு பேசி வாங்கித் தரும் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு மூலம் ஜெர்மன் அரசின் பணம் வரும். தகுதி பெறாதவருக்கு, உதாரணமாகப் போருக்குப் பின் பிறந்தவருக்கு, ஃபெடரேஷன் பணமும் மற்ற நன்கொடையும்தான் கதி. ஒரே அடுக்குமாடியில் ஒரே அளவு நோய் உள்ள இரண்டு கிழவிகளில் ஒருத்திக்கு வாரத்தில் அதிக மணி நேரம் உதவியாள், மற்றவளுக்குக் குறைவு என்ற நிலை இப்படி வருகிறது. எந்த நிதிக்கும் பெயர் குறித்துக் கட்டுப்பாடு போட்டால் விளைவு இதுதான். கட்டற்ற பொதுப்பணம் எதற்குத் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியாவிலும் ஜாயிண்ட் 1960களிலிருந்து மும்பையின் பெனே இஸ்ரேல் சமூகத்தில் வேலை செய்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, தாய்லாந்துக்கு உதவியது வேறு கணக்கு. யூதரல்லாதாருக்கான பேரிடர் உதவிக்கு அவர்கள் ஆண்டு வசூலைத் தொடுவதில்லை. அதற்கென்றே தனி உண்டியல் திறந்து வசூலிப்பார்கள்.

ஒரு ஃபெடரேஷனை ஓர் இஸ்ரேல் ஊரோடு ஜோடி சேர்க்கும் முறையும் உண்டு: பாஸ்டனுக்கு ஹைஃபா, லாஸ் ஏஞ்சலஸுக்கு டெல் அவிவ், சிகாகோவுக்குக் கிர்யாத் காத். கொடுப்பவர் போய்ப் பார்க்க ஒரு பள்ளி, ஒரு கிளினிக் கிடைக்கிறது. அமெரிக்க மருத்துவரும் அங்குள்ள மருத்துவரும் பழகுகிறார்கள். இவையெல்லாம் நல்லதுதான். ஆனால் பார்க்க முடிந்த ஊருக்குப் பணம் சேரும். சுற்றுலாப் பேருந்து நிற்காத ஊருக்குச் சேராது.

நெருக்கடியில் அமைப்பின் முழு வேகமும் தெரியும். 1948 ஜனவரியில் பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான கோல்டா மேயர் (அப்போது மேயர்சன்) சிகாகோவில் ஃபெடரேஷன் தலைவர்கள் முன் பேசி, அந்தப் பயணத்தில் ஏறக்குறைய 5 கோடி டாலர் திரட்டினார். உடனே ரொக்கம் வேண்டும் என்பதால் ஊர்கள் வாக்குறுதிகளைக் காட்டி வங்கியில் கடன் வாங்கி அனுப்பின. 1991 மே மாதம் 36 மணி நேரத்தில் 14,000க்கும் மேற்பட்ட எத்தியோப்பிய யூதர்கள் விமானத்தில் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டபோது, எத்தியோப்பிய ஆட்சியாளர்கள் கேட்ட 3.5 கோடி டாலரை அமெரிக்கச் சமூகம் சில நாட்களில் புரட்டிக் கொடுத்தது. சிறைப்பட்டவரை மீட்பது எல்லாவற்றுக்கும் மேல் என்ற விதிக்கு இருபதாம் நூற்றாண்டு விலை அது. 2023 அக்டோபரில் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பின் ஃபெடரேஷன்கள் திரட்டிய அவசர நிதி 80 கோடி டாலரைத் தாண்டியது.

அவசர நிதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அதைக் கொடுத்தவர் அடுத்த வழக்கமான ஆண்டு வசூலில் “போன தடவைதான் கொடுத்தேனே” என்பார். அதனால் அனுபவமுள்ள ஃபெடரேஷன்கள் ஆண்டு வாக்குறுதியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு மேல் அவசரத்துக்குக் கேட்கும். ஈட்டுத் தொகை கொடுக்கும் பெரிய நன்கொடையாளரும் “போன ஆண்டைவிட எவ்வளவு கூட்டுகிறாயோ அதற்குச் சமமாக நான் போடுகிறேன்” என்றுதான் நிபந்தனை வைப்பார். மொத்தத் தொகைக்கு ஈடு என்று அறிவித்தால் எப்படியும் வரவேண்டிய பணத்துக்கே ஈடு போய்விடும்.

நெடுங்காலத்துக்கான வழி நிரந்தர வைப்பு. கணக்கு எளிது: ஆண்டுக்கு 5 சதவீதம் எடுக்கலாம் என்றால், தன் ஆண்டுத் தொகையின் 20 மடங்கை வைத்துவிட்டுப் போக வேண்டும். 5,000 டாலர் கொடுத்துவந்த பெண்மணி 1,00,000 டாலர் உயிலில் எழுதினால் அவர் பெயரில் அந்த 5,000 வந்துகொண்டே இருக்கும். விலைவாசிக்கேற்ப அது ஏறுமா என்பது முதலீட்டைப் பொறுத்தது.

கொடுப்பவரின் ஆலோசனைப்படி செலவிடும் கணக்குகள், டோனர் அட்வைஸ்ட் ஃபண்ட், பொது உண்டியலுக்குப் போட்டியாக ஃபெடரேஷன் வளாகத்துக்குள்ளேயே வளர்ந்தவை. பங்குகளை விற்காமல் அப்படியே போட்டால் மூலதன லாப வரி இல்லை, வரிச்சலுகை அந்த ஆண்டே கிடைக்கும், எங்கே கொடுப்பது என்று பிறகு யோசிக்கலாம். 2017இல் வரிச்சட்டம் மாறி நிலையான கழிவு (நன்கொடைக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் வரிக்கழிவு) ஏறியதிலிருந்து, மூன்று நான்கு ஆண்டுப் பணத்தை ஒரே ஆண்டில் போட்டு வைக்கும் பழக்கம் கூடிவிட்டது. இதில் செய்யக்கூடாதவை: இந்தக் கணக்கிலிருந்து விருந்துச் சீட்டு வாங்கக் கூடாது, சீட்டின் நன்கொடைப் பகுதியைக்கூடப் பிரித்துக் கட்டக் கூடாது. எழுபதரை வயதுக்கு மேல் ஓய்வூதியக் கணக்கிலிருந்து வரியில்லாமல் நேரடியாக நன்கொடை கொடுக்கும் சலுகை ஃபெடரேஷன் ஆண்டு வசூலுக்குப் பொருந்தும், இந்தக் கணக்குக்குப் பொருந்தாது. அனுப்பிய பிறகு தெரிந்தால் வரி கட்டத்தான் வேண்டும்.

வரிச்சட்டம் வெளிநாட்டுப் பாதையையே வளைத்திருக்கிறது. அமெரிக்கர் இஸ்ரேலிலோ உக்ரைனிலோ உள்ள அறநிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுத்தால் பொதுவாக வரிச்சலுகை இல்லை. இஸ்ரேலில் வருமானம் உள்ளவருக்கு உடன்படிக்கைப்படி ஒரு விலக்கு உண்டு. அதனால்தான் ‘அமெரிக்கன் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப்’ என்று தொடங்கும் சங்கங்கள் அத்தனை. அந்தச் சங்கத்தின் வாரியத்துக்கு ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் உண்மையில் இருக்க வேண்டும். வந்த பணத்தை அப்படியே கைமாற்றிவிடும் குழாயாக இருந்தால் சலுகை போய்விடும். “இன்னார் மகன் படிப்புக்கு” என்று பெயர் குறித்து அனுப்பிய காசோலை இங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஃபெடரேஷன் பணம் யூத ஏஜென்சிக்குப் போகும்போது யுனைடெட் இஸ்ரேல் அப்பீல் என்ற அமெரிக்க அமைப்பு நடுவில் நின்று செலவைக் கண்காணிப்பதும் இதற்காகவே. 1967 போருக்கு முந்தைய இஸ்ரேல் எல்லைக்கு அப்பால் இந்தப் பணத்தைச் செலவிடுவதைப் பல பத்தாண்டுகள் தவிர்த்ததற்கும் அமெரிக்க வரிச்சலுகை ஒரு காரணம். அங்குள்ள குடியேற்ற வேலையை இஸ்ரேல் அரசின் பணத்தில் உலக சியோனிச அமைப்பு பார்த்துக்கொண்டது. பிரிட்டனில் வேறு முறை: அங்கே கொடுப்பவர் ஒரு பவுண்டு கொடுத்தால் ‘கிஃப்ட் எய்ட்’ வழியாக அறநிறுவனமே அரசிடம் 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளும்.

இஸ்ரேல் பாண்டு இந்தக் கணக்குகள் எதிலும் சேராது. 1951 முதல் விற்கும் கடன் பத்திரம் அது. வட்டியோடு திரும்ப வரும். வாங்கியவருக்கு நன்கொடை ரசீது கிடையாது.

பெரிய அடி 2008இல் விழுந்தது. பெர்னார்ட் மேடாஃப் இல்லாத லாபத்தைக் கணக்கில் காட்டி ஏமாற்றிய முதலீட்டு மோசடிக்காரர்; யூத வாரியங்களில் பழகி, அந்தப் பழக்கத்திலேயே முதலீடு வாங்கியவர். “இன்னாரே போட்டிருக்கிறார்” என்பதுதான் பல நிதிக் குழுக்கள் செய்த ஆராய்ச்சி. இஸ்ரேலில் மருத்துவமனை நடத்தும் ஹடாசா பெண்கள் அமைப்பு 4 கோடி டாலர் போட்டிருந்தது; காகிதத்தில் அது 9 கோடியாகத் தெரிந்தது. ஆனால் அந்த அமைப்பு ஆண்டுக்கணக்கில் போட்டதைவிட அதிகமாக எடுத்திருந்ததால், 2010இல் மீட்பு அறங்காவலருக்கு 4.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பொய் லாபத்தை உண்மையான மருத்துவமனைச் செலவுக்குக் கொடுத்து முடித்த பிறகு! வசூலுக்கு இருவர், பங்கீட்டுக்கு மூவர் என்று விதி வைத்தவர்கள், முதலீட்டை மட்டும் ஒருவர் கையில் விட்டுவிட்டார்கள்.

ஒரு குறிப்பிட்ட ஃபெடரேஷனின் பணம் எங்கே போகிறது என்று நீங்களே பார்க்க விரும்பினால் அது வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் 990 படிவத்தைத் திறங்கள்; பொது ஆவணம். ஷெட்யூல் ‘ஐ’யில் உள்நாட்டு மானியம் நிறுவனம் நிறுவனமாக இருக்கும், ஷெட்யூல் ‘எஃப்’பில் வெளிநாட்டு மானியம் நாட்டுப் பகுதிவாரியாக இருக்கும். அவசரப்பட்டு ஷெட்யூல் ‘ஐ’யின் கூட்டுத்தொகையை ‘ஃபெடரேஷன் பங்கிட்டது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆலோசனைக் கணக்குக்காரர்கள் சொல்லி அனுப்பிய பணமும் அதிலேயே கலந்திருக்கும். ஓர் ஓவிய அருங்காட்சியகமோ பல்கலைக்கழகமோ பெரிய தொகையோடு பட்டியலில் நிற்பது பெரும்பாலும் அப்படித்தான். ஆண்டு வசூலின் பங்கீட்டை ஃபெடரேஷனின் ஆண்டறிக்கையில் ‘அலொகேஷன்ஸ்’ பக்கத்தில்தான் தேட வேண்டும். வெளிநாட்டுத் தொகையும் ஷெட்யூல் ‘எஃப்’பில் முழுதாக வராது, ஏனென்றால் தாய்ச்சங்கம் வழியாகப் போவது உள்நாட்டு மானியமாகவே பதிவாகும். அதற்கு அடுத்து ஜாயிண்டின் படிவத்தைத் திறக்க வேண்டும். ஜெபக்கூடங்களுக்கு 990 கட்டாயமில்லை. அவற்றின் மூலம் நேரே போன பணத்தை எந்தப் படிவத்திலும் பார்க்க முடியாது.